அலை உடையும் உயரம்

ஸ்லிவென்
20 அக்டோபர் 1974

அண்ணி,

சௌக்கியமான்னு கேட்டு ஆரம்பிக்கிறதுதான் முறை. நான் கேக்கல. போன வாரம் சனிக்கிழமை கிளைடர்ல ஏறின உங்க தம்பி இன்னும் இறங்கல. தந்தி கொடுத்தோமே, வந்து சேர்ந்திருக்கும். நீங்கதான் வந்து சேரல. மாமா தினமும் கேட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். மகன் வருவான்னு இல்ல, மக வருவாளான்னு. எனக்கென்ன, அது உங்க அப்பாவுக்கும் உங்களுக்கும் உள்ள பாடு.

நடந்ததைச் சொல்லிடறேன். அன்னைக்கு வடமேற்குக் காத்து. தெருவுல ஓடு பறந்துச்சு, மில்லுக்குப் போற பொம்பளைங்க கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தோம். மலைக்கு மேல ரொட்டி மாதிரி ஒரு மேகம் காலையிலேர்ந்து நகராம நின்னுச்சு. அந்த மேகத்தைப் பாத்தா உங்க தம்பிக்குக் கால் தரையில நிக்காது, உங்களுக்கே தெரியும். ஆக்சிஜன் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு கிளப்புக்கு ஓடினார். அஞ்சாயிரம் மீட்டர் ஏறினா வைரப் பட்டயமாம். மதியம் மைதானத்துல நின்னவங்க, ஒரு வெள்ளைப் புள்ளி மலைப்பக்கமா ஏறி ஏறிப் போறதைப் பாத்திருக்காங்க. அப்புறம் மேகம். அவ்வளவுதான்.

ராணுவம் தேடிச்சு. காட்டிலாகா தேடிச்சு. ஒரு ஆணி கிடைக்கல.

மலையைத் தாண்டுற காத்து என்ன ஆகுதுன்னு கணக்குப் போடறதுதானே உங்க வேலை? சம்பளம் வாங்கிக்கிட்டு இத்தனை வருஷமா அதைத்தானே போடறீங்க? எனக்கு ஒருதரம் போடுங்க. காத்து அவரை எங்க கொண்டு போயிருக்கும்? ஒரு இடம் சொல்லுங்க, நான் நடந்து போய்ப் பாத்துக்கறேன். கல்யாணத்தன்னைக்கு, 'என் தம்பியை இந்த மலையடியில கட்டிப் போட்டுட்டே'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அந்தக் கோபத்தைக் கொஞ்ச நாளைக்குக் கழட்டி வையுங்க.

மாமா சாவு நோட்டீஸ் அச்சடிச்சுட்டார். போட்டோ போட்டு, கறுப்புக் கட்டம் கட்டி. பசை காய்ச்சச் சொல்றார். அதைத் தூக்கி மிளகாய் பாட்டில் அடுக்குக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கேன். ஆள் செத்தான்னு எவன் கண்டான், தெருக்கதவுல ஒட்டறதுக்கு?

சோபியா பஸ் ஓட்டுற என் சித்தி மகன் கோச்சோ கையில இதைக் கொடுத்து விடறேன். பதிலையும் அவன்கிட்டயே கொடுங்க, தபால்ல போடாதீங்க. ஏன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

கெரானா


சோபியா
3 நவம்பர் 1974

கெரானா,

நான் வராதது உண்மைதான். வந்தால் அப்பா என்னைப் பார்த்து, 'நீ படித்தவள், சொல்லு, வருவானா?' என்று கேட்பார். அதற்குப் பயந்துதான் வரவில்லை. உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபமும் உண்டு. ஆனால் காரணம் அதுவல்ல.

கணக்கு போட்டேன். எங்கள் நிலையத்தின் கணக்குப் போடும் எந்திரம் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கிடைக்கும், அதனால் தாமதம். உனக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். ஓடை நீர் ஒரு கல்லைத் தாண்டும்போது கல்லுக்குப் பின்னால் மேடு பள்ளமாக நிற்கும் அல்லவா? நீர் ஓடும், மேடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். காற்றும் மலையைத் தாண்டினால் அப்படித்தான். நீ பார்த்த ரொட்டி மேகம் அந்த மேட்டின் உச்சி. அந்த மேடு மேலே எவ்வளவு தூரம் எட்டும் என்பதுதான் என் கணக்கு. அது மலையை மட்டும் பொறுத்ததல்ல. மேலே ஒவ்வொரு உயரத்திலும் காற்று எப்படி வீசுகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் எளிமையாக, தரையிலிருந்து மேல்வரை ஒரே காற்று என்று வைத்துப் பார்த்தேன். அலை தடையில்லாமல் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் போகிறது. அவன் அதில் ஏறியிருந்தால், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தென்கிழக்கே இறங்கியிருந்தால், எல்லை வரைக்கும், எல்லைக்கு அப்பாலும் போயிருக்க முடியும்.

இந்த வரியை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து எழுதினேன். முடியும் என்றுதான் சொல்கிறேன், போனான் என்று சொல்லவில்லை. உண்மையில் எந்த நாளிலும் காற்று மேல்வரை ஒன்றுபோல் இருப்பதில்லை. அன்றைக்கு உங்கள் மைதானத்தில் பலூன் விட்டுக் காற்றை அளந்திருப்பார்கள். அந்தக் குறிப்பைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

அதுவரை நோட்டீஸை ஒட்ட விடாதே. அப்பா கத்தினால் கத்தட்டும்.

நெவ்யானா


ஸ்லிவென்
10 நவம்பர் 1974

அண்ணி,

'எல்லைக்கு அப்பாலும்'. அதைப் படிச்சுட்டு நின்னேன் பாருங்க, அடுப்புல பீன்ஸ் கருகி வீடெல்லாம் புகை. ரலிட்சா ஓடி வந்து 'அம்மா, என்னம்மா சிரிக்கிறே?'ன்னு கேட்டா. நான் சிரிச்சது எனக்கே தெரியல. உசுரோட இருக்கார்! எங்கேயோ ஒரு ஊர்ல காபி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்! ரெண்டு நாள் நான் தரையில நடக்கல அண்ணி.

மூணாம் நாள் லெதர் கோட்டு ஆளுங்க ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தன் கேள்வி கேக்கறவன், ஒருத்தன் அலமாரியைப் பாக்கறவன்.

"கடைசியா உங்ககிட்ட என்ன பேசினார்?"

"வெங்காயம் தீர்ந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வரேன்னார்."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"போன தரம் மாதிரி அழுகினதை வாங்கிட்டு வராதேன்னேன்."

அதையும் எழுதிக்கிட்டான், மடப்பய. போகும்போது கதவுகிட்ட நின்னுக்கிட்டு, "உங்க பொண்ணு பர்காஸ்ல இருக்கிற வெளிநாட்டு மொழிப் பள்ளிக்கு எழுதியிருக்காளாமே, நல்ல பள்ளிக்கூடம். எல்லாருக்கும் கிடைச்சிடாது"ன்னான். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? ஓடிப்போனவன் மகளுக்கு அங்க இடம் கிடையாது. இங்கயும் கிடையாது. எங்கயும் கிடையாது. மில்லுல தறி துடைக்கத்தான் போகணும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனேன். உசுரோட இருக்கிறவங்களுக்கு மேல் தட்டுல மெழுகுவத்தி, செத்தவங்களுக்குக் கீழ்த் தட்டு மணல்ல. நான் மெழுகுவத்தியைக் கையில பிடிச்சுக்கிட்டு நடுவுல நிக்கறேன். மேல வச்சா புள்ள வாழ்க்கை போச்சு. கீழ வச்சா புருஷன் போச்சு. பின்னாடி நின்ன கிழவி, "வைம்மா, நாங்களும் வைக்கணும்ல"ங்கறா. கோட்டுப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

இன்னொன்னும் இருக்கு. அதை எழுதவே கை வரல. போயிருந்தார்னா, எங்கிட்ட சொல்லாம போயிருக்கார். பக்கத்துல படுத்த ஆள் அப்படிச் செய்வாரா? நீங்க வளர்த்த தம்பி, நீங்களே சொல்லுங்க. செய்வாரா?

சீக்கிரம் அந்தப் பலூன் கணக்கைப் போடுங்க. என்ன வரணும்னு ஆசைப்படறதுன்னே தெரியல. ஏதோ ஒன்னு வரட்டும்.

கெரானா


சோபியா
1 டிசம்பர் 1974

அன்புள்ள கெரானா,

பலூன் குறிப்பு கிடைத்தது. கணக்கை முழுதாகத் திரும்பப் போட்டேன். முடிவைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

அன்றைக்குக் கீழே காற்று பலமாக இருந்தது. மேலே போகப் போகத் தளர்ந்தது. மூவாயிரம் மீட்டரில் நின்றேவிட்டது. அதற்கும் மேலே எதிர்ப்பக்கமாக வீசியது. காற்று நிற்கும் அந்த உயரத்தை மலையின் அலை தாண்ட முடியாது. மேலே போக வழியில்லாமல் அங்கேயே குவிந்து செங்குத்தாகிக் கடற்கரை அலைபோல் உடையும். அமைதியாக ஏறிக்கொண்டிருந்த கிளைடர் அந்த உயரத்தைத் தொட்டதும் சுழலில் சிக்கும். மரத்தால் செய்த இறக்கை அதைத் தாங்காது.

ஆகவே என் தம்பி ஸ்தாமென் எல்லைப் பக்கம் போயிருக்க முடியாது. மலையின் இரண்டு முகடுகளுக்கும் நடுவே உள்ள பீச் மரக்காட்டுப் பள்ளத்தில் விழுந்திருக்கிறான் என்பது என் முடிவு. எங்கள் இயக்குநர் கேட்டுக்கொண்டபடி இதை அறிக்கையாக எழுதிக் கையெழுத்திட்டு, விசாரணை செய்கிறவர்களுக்கும் அனுப்பிவிட்டேன். அவன் சாகசத்தில் இறந்த ஒரு நல்ல விமானி. அவன் மகள் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில்தான் போடுகிறேன்.

உன் துக்கத்தில் பங்குகொள்ளும்,
நெவ்யானா


ஸ்லிவென்
22 டிசம்பர் 1974

அண்ணி,

உங்க தபால் வந்துச்சு, பசை ஈரம் காயாம. யார் படிக்கணும்னு போட்டீங்களோ அவங்க படிச்சுட்டாங்க.

காரியம் கச்சிதமா முடிஞ்சுது. லெதர் கோட்டு ஆளுங்க தொப்பியைக் கழட்டிட்டு வந்தாங்க. கைகொடுத்தாங்க. 'விபத்து'ன்னு எழுதின தாள் வந்துச்சு, பென்ஷனுக்கு எழுதச் சொன்னாங்க. பள்ளிக்கூடத்துலேர்ந்து ரலிட்சாவைப் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கடுதாசி வந்துச்சு. எல்லாம் உங்க கையெழுத்து பண்ணின வேலை.

நான் அந்தப் பள்ளத்துக்குப் போனேன். கோச்சோவும் கிளப்பு ஆளுங்களும் கூட வந்தாங்க. இடுப்பளவு பனி. பொழுது சாயற வரைக்கும் குச்சியால குத்திக்கிட்டே நடந்தோம். ஒரு மான் எலும்பு கிடைச்சுது. அதைப் பாத்ததும் நான் போட்ட சத்தத்துல கோச்சோ ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். "அக்கா, மான்க்கா, மான்"ங்கறான். எனக்குக் காது கேக்கல.

நோட்டீஸை நானே எடுத்துக் கொடுத்தேன். மாமா எங்க வீட்டுக் கதவுலயும், பஸ் நிறுத்தத்துலயும், மில் வாசல்லயும் ஒட்டினார். கோதுமை அவிச்சுச் சர்க்கரை போட்டுத் தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். எல்லாரும் 'கடவுள் மன்னிக்கட்டும்'னு சொல்லி வாங்கித் தின்னாங்க. தினம் வேலைக்குப் போகும்போது மில் வாசல்ல அவர் மூஞ்சி என்னைப் பாக்குது.

எனக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்தீங்க, ஒரே மாசத்துல பிடுங்கிக்கிட்டீங்க. மூணாயிரம்னு ஒரு கோடு கிழிச்சு எம் புருஷனைக் கொன்னுட்டீங்க அண்ணி. புள்ளைக்காகத்தான் செஞ்சீங்கன்னு தெரியும். தெரிஞ்சும் வயிறு எரியுது. அதனால கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதீங்க.

கெரானா


சோபியா
16 பிப்ரவரி 1975

கெரானா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. கோச்சோவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

போன வாரம் அந்தக் கணக்கை வேறொரு வேலைக்காக மறுபடி எடுத்தேன். பலூனின் உயரத்தை நாங்கள் நேராக அளப்பதில்லை. அந்தப் பலூன் நிமிடத்துக்கு இருநூறு மீட்டர் ஏறும் என்று நாங்களாகவே வைத்துக்கொள்வோம். தொலைநோக்கியில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து உயரத்தை எழுதிக்கொள்வோம். சமவெளியில் இது சரியாகவே வரும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் இந்தப் பலூனை விட்டது உங்கள் கிளைடர் மைதானத்தில். காற்று மேலே தூக்கும் இடம் என்றுதானே அங்கே மைதானமே போட்டார்கள்! கிளைடரைத் தூக்கிய அதே காற்று பலூனையும் தூக்கியிருக்கும். அலையை அளக்கப் போன பலூன் அலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அது இரண்டு மடங்கு வேகத்தில் ஏறியிருந்தால், காற்று நிற்கும் உயரம் மூவாயிரம் அல்ல, ஆறாயிரம். ஆறாயிரம் என்றால் அவன் பத்திரமாக ஏறியிருக்கலாம். போயிருக்கலாம்.

எந்த உயரம் சரி என்று சொல்ல வழியே இல்லை. அன்றைய காற்று போய்விட்டது. இனி எந்த எந்திரத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அவன் பள்ளத்தில் கிடக்கலாம், எல்லைக்கு அப்பால் இருக்கலாம். இரண்டுக்கும் என்னிடம் ஒரே அளவு ஆதாரம்தான்.

நீ கேட்டாய், அவன் சொல்லாமல் போவானா என்று. நான் பதில் எழுதவில்லை. மாட்டான் என்று எழுதவே ஆசைப்பட்டேன். மூவாயிரம் என்று விடை வந்தபோது, அப்பாடா, தம்பி அப்படிச் செய்யவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. செத்துப்போனதில் ஒரு நிம்மதி. என்ன அக்கா நான்!

அறிக்கையைத் திரும்பப் பெறட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

நெவ்யானா


ஸ்லிவென்
2 மார்ச் 1975

அண்ணி,

திரும்பப் பெறாதீங்க.

உசுரோட இருந்தார்னா, அவர் எங்களை விட்டுட்டுப் போனவர். செத்திருந்தார்னா, அவர் எம் புருஷன். நான் செத்தவரை வச்சுக்கறேன். மெழுகுவத்தியைக் கீழ்த் தட்டுல வச்சுட்டேன்.

ரலிட்சா கணக்குல நல்ல மார்க். உங்க பக்கத்து ரத்தம்னு மாமா சொல்றார். கோடையில ஒருதரம் வாங்க. பழசை நான் மறந்துட்டேன்னு இல்ல, ஆனா வாங்க.

கெரானா


சோபியா
15 ஜூன் 1975

கெரானா, என் கண்ணே,

இயக்குநர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஸ்த்ராஞ்ஜாக் காட்டில், எல்லைக் கம்பிக்கு இந்தப் பக்கம், கரி சுடுகிறவர்கள் கிளைடரையும் அவனையும் கண்டுபிடித்தார்களாம். ஓக் மரங்களுக்குள் விழுந்திருந்ததால் இத்தனை மாதம் யார் கண்ணிலும் படவில்லையாம். இன்னும் கொஞ்சம் உயரம் கையில் இருந்திருந்தால் தாண்டியிருப்பான். என் மூவாயிரம் தப்பு. இப்போது அது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் கேள், இதை நன்றாக யோசித்துவிட்டேன். ஆறாயிரம் மீட்டரில் ஆக்சிஜன் சரியாக வராவிட்டால் ஆள் மயங்கிவிடுவான். மயங்குவதுகூட அவனுக்குத் தெரியாது. கைவிடப்பட்ட கிளைடர் உடனே விழாது. தானாக மெல்ல இறங்கிக்கொண்டே காற்று தள்ளும் பக்கம் போகும். அன்றைய காற்று தள்ளியது தென்கிழக்கே. அந்தக் காடு இருப்பதும் தென்கிழக்கேதான். ஸ்தாமென் போகவில்லை. காற்று அவனைக் கொண்டுபோனது. தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப்போவது போல.

இந்தக் கணக்கைப் போட முடியும். ஒழுங்காக, யாரும் குறை சொல்ல முடியாதபடி போட்டு, முந்தைய அறிக்கை தவறென்று ஒப்புக்கொண்டு, புதிதாகக் கையெழுத்திடுகிறேன். என் வேலை போனால் போகட்டும். ரலிட்சாவின் இடத்தைப் பிடித்து வைக்கலாம். உன் பென்ஷனையும். ஒரு வார்த்தை சொல், ஞாயிற்றுக்கிழமையே எந்திரத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.

இது உண்மையாகவும் இருக்கலாம் கெரானா. அதையும் நினைத்துப் பார்.

அண்ணி


ஸ்லிவென்
24 ஜூன் 1975

அண்ணி,

போடாதீங்க. உங்க வேலையையாவது காப்பாத்திக்கப் பாருங்க. உங்க பழைய அறிக்கை அவங்க மேஜை மேலதான் கிடந்துச்சு, சிவப்புப் பென்சில்ல கோடு போட்டு.

வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டாங்க. ஆளைக் காட்டல. காட்டற மாதிரி இல்லையாம். அங்கேயே புதைச்சுட்டாங்களாம், எங்கன்னு சொல்ல மாட்டாங்களாம். பென்ஷனை நிறுத்தியாச்சு. ரலிட்சா இடம் போச்சு. அதையெல்லாம் அன்னைக்கு வெங்காயத்தை எழுதிக்கிட்டானே, அவன்தான் படிச்சுக் காட்டினான், அலமாரியைப் பாத்தவன் பக்கத்துல உக்காந்திருந்தான். நோட்டீஸையெல்லாம் சுரண்டி எடுக்கணும்னான். தேசத் துரோகிக்குத் துக்கம் கிடையாதாம்.

அப்புறம் ஒரு பையைக் கொட்டினான். அவன் ஜாக்கெட்டு. எம் புருஷனைத்தான் அவன்ங்கறேன். முதுகுப் பக்கத்து உள்துணியைக் கிழிச்சு வச்சிருந்தாங்க. அதுக்குள்ள தச்சு வச்சிருந்தானாம், எஞ்சினியர் சர்டிபிகேட்டு, பிறந்த சர்டிபிகேட்டு, எல்லாத்தையும் எண்ணெய்த் துணியில சுத்தி. ரலிட்சா போட்டோ ஒன்னு இருந்துச்சாம். என்னோடது இருந்துச்சான்னு நான் கேக்கல.

"நீதான் தச்சுக் கொடுத்தே"ன்னான்.

"இல்ல"ன்னேன்.

"மில்லுல உனக்கு என்ன வேலை?"

"நெசவுல விட்டுப்போன இழையை ஊசியில கோத்து எடுக்கறது."

"ஊசி பிடிக்கிறவ நீ. உனக்குத் தெரியாம உன் வீட்டுல எவன் தைப்பான்?"

பக்கத்து அறையிலேர்ந்து ஊசி நூல் வரவழைச்சான். ஜாக்கெட்டோட இன்னொரு ஓரத்தைக் காட்டி, இங்க தை, பாக்கலாம்னான். நான் தச்சேன் அண்ணி. கை நடுங்கல. பழகின கை, அதுக்கென்ன தெரியும்! முடிச்சு போட்டுக் கொடுத்தேன். ஜன்னல்கிட்ட கொண்டுபோய் வச்சுப் பாத்தாங்க ரெண்டு பேரும். என் தையல் எங்கன்னே கண்டுபிடிக்க முடியல அவங்களால. அவன் தச்சது நல்லாத் தெரிஞ்சுது. நூலை ரெட்டையா போட்டு, பெரிசு பெரிசா, கோணக்கோணலா, அங்கங்க பிரிச்சுப் பிரிச்சுத் திரும்பத் தச்சிருக்கான். பல நாள் வேலை. நான் ஷிப்டுக்குப் போன நேரமாப் பாத்துக் கதவைச் சாத்திக்கிட்டு, விரல்ல குத்திக் குத்தித் தச்சிருக்கான். ஒரு இடத்துல ரத்தக்கறைகூட இருந்துச்சு. ஒரு பொத்தானுக்குக்கூட எங்கிட்ட வந்து நிக்கிற மனுஷன்.

"இவ தைக்கல"ன்னு அலமாரியைப் பாத்த சின்னவன் சொன்னான். பெரியவன் தலையாட்டிட்டு, நீ போகலாம்னான்.

அவங்க நம்பிட்டாங்க அண்ணி. நானும் நம்பிட்டேன்.

கெரானா